மழையில் அக்கெல்லோ அடித்த கோல்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
4 மே 2025

அன்புள்ள லோகேஷ் அண்ணனுக்கு,

துர்கா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். நீ சொல்லிக்கொடுத்த பயிற்சியால் அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெருமையை உனக்குத் தர மாட்டேன் என்கிறார். கம்பாலாவில் உன் உடம்பு எப்படி? ஆஸ்பத்திரி வேலை, உகாண்டாப் பெண்கள் லாக்ராஸ் டீமில் உதவியாளர் வேலை இரண்டையும் இழுத்துப்போட்டுக்கொண்டு ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

வாட்ஸ்அப்பில் பேசினால் சண்டை போட்டு மாறி மாறி பிளாக் செய்துகொள்கிறோம். "எதுவா இருந்தாலும் மெயில்ல எழுது, எழுதி முடிக்கிறதுக்குள்ள உன் கோவம் பாதி குறைஞ்சிடும்"னு நீதானே சொன்ன. எழுதுறேன். குறையல.

போன வருடப் போட்டியை நேற்று மறுபடி பார்த்தேன். அந்த வர்ணனையாளர் உகாண்டாப் பெண்களைப் பற்றி "இவர்கள் வந்து கலந்துகொண்டதே பெரிய விஷயம்" என்று பதினொரு முறை சொல்கிறார். எண்ணினேன். எதிரணி தோற்றால் தோல்வி, நம் டீம் தோற்றால் மட்டும் பங்கேற்பு. என்ன திமிர் பார்.

அதற்குத்தான் இந்தப் பார்சல். லீவில் வந்தபோது பெட்டியில் கொண்டுவந்து போட்டாயே, வலை கிழிந்து வெறும் பிளாஸ்டிக் சட்டமாகக் கிடந்த பன்னிரண்டு குச்சித் தலைகள், எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டேன். நீளவாட்டில் நாலு தோல் வார், குறுக்கே அப்பாவின் முறுக்குப் பட்டு நூல். தறியில் பாவும் ஊடையும் போலத்தான். அது புரிய எனக்கு எட்டு மாதமும் இருநூறு வீடியோவும் ஆனது. கடைசியில் எந்த வீடியோவிலும் இல்லாத ஒரு வேலை செய்தேன். நம் தெருவில் பாவை நீட்டி அரிசிக் கஞ்சி போடுவோமே, அதேபோல ஒவ்வொரு வலைக்கும் இரண்டு கை கஞ்சி போட்டு வெயிலில் உலர்த்தினேன். வலை விறைப்பாக நிற்கிறது. பந்து ஒட்டாமல் பறக்கிறது.

பக்கத்து வீட்டு தணிகாசலம் மாமா வந்து, "இன்னாமா இது, பட்டாம்பூச்சி புடிக்கிற குச்சியா?" என்றார்.

"லாக்ராஸ் மாமா. இந்த வலையால பந்தைப் புடிச்சுக்கினு ஓடி, இதாலயே வீசி கோல் அடிக்கணும்."

"கையால புடிக்கக் கூடாதா?"

"கூடாது."

குச்சியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உகாண்டால உங்க அண்ணனுக்கு சோறு கிடைக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சிரிக்கட்டும். ஜூலையில் இங்கிலாந்துப் போட்டியில் நம் டீமின் அக்கெல்லோ என் வலையால் கோல் அடிக்கும்போது பார்த்துக்கொள்கிறேன். என் 'நைல் குச்சி' இணையப் பக்கத்தில் முப்பத்தோராயிரம் பேர் அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

கோபமும் பிரியமுமாக,
துர்கா

*

கம்பாலா
19 மே 2025

அன்புத் தங்கைக்கு,

நான் நலமாக இருக்கிறேன். தினமும் இரண்டு வேளை சோறு என்று தணிகாசலம் மாமாவிடம் சொல். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை தீர்வதற்குள் வாங்கி வை.

பார்சல் வந்தது. அக்கெல்லோ முதல் தலையைக் குச்சியில் மாட்டி, சுவரில் மூன்று முறை பந்தை அடித்தாள். "யார் கட்டியது?" என்று கேட்டாள். என் தங்கை என்றேன். "எங்கே விளையாடுகிறாள்?" எங்கேயும் இல்லை, வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்றேன். "பொய்" என்று சொல்லிவிட்டு அந்தக் குச்சியை அவளே எடுத்துக்கொண்டாள்.

பயிற்சியாளர் தயங்கினார். ஆட்டத்துக்கு முன் நடுவர் ஒவ்வொரு வலையிலும் பந்தை வைத்துப் பார்ப்பார். சட்டத்தின் விளிம்புக்கு மேல் பந்து தெரிய வேண்டும். உள்ளே இறங்கிவிட்டால் குச்சி செல்லாது. உன் வலைகளில் பந்து நன்றாக மேலே நிற்கிறது. "என் தங்கையின் வேலை, நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். குச்சிப் பையும் இனி என் கையில்தான்.

அக்கெல்லோவுக்கு இது முக்கியமான வருடம். அக்டோபரில் ஆப்பிரிக்கத் தகுதிச் சுற்று. அதில் அவள் ஆடுவதைப் பார்த்துத்தான் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அவளுக்கு இடம் தருவதா என்று முடிவு செய்யும். ஊரில் ஆரம்பப் பள்ளி வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். உன் பக்கத்தில் இதையெல்லாம் போட்டு அவளுக்கு நெருக்கடி கொடுக்காதே.

வெயிலில் ரொம்ப நேரம் நிற்காதே.

அன்புடன்,
லோகேஷ்

*

காஞ்சிபுரம்
13 ஜூலை 2025

அண்ணா,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பதால் கேட்கிறேன். நலமா?

நேற்று சாயங்காலம் ஆறரை மணியிலிருந்து நம் வீட்டில் பதினாறு பேர். லேப்டாப்பைத் தறிமேடையில் வைத்திருந்தோம். இங்கிலாந்தில் ஆட்டம் நடந்த ஊரில் முதலில் வெயிலாகத்தான் இருந்தது. இரண்டாம் பாதியில் மழை. செக் அணியோடு ஏழுக்கு ஏழு. நாற்பது விநாடி பாக்கி. அக்கெல்லோ கோலுக்கு இடது பக்கம் வந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்காமலே வீசினாள். உள்ளே போனது. விளையாட்டே தெரியாத நம் அம்மா எழுந்து நின்று, "போச்சு பாருடி, போச்சு பாரு" என்று தணிகாசலம் மாமாவின் முதுகில் ஓங்கி அறைந்தார்.

அப்புறம் அந்த செக் கேப்டன் கையைத் தூக்கினாள். குச்சியைச் சோதிக்க வேண்டுமாம். நரைத்த முடி வைத்த அந்த நடுவர், ஹெலன் என்று பெயர் போட்டார்கள், அக்கெல்லோ கையிலிருந்து குச்சியை வாங்கி, பந்தை வைத்து, குனிந்து பார்த்து, கையை ஆட்டிவிட்டார். பந்து உள்ளே இறங்கிவிட்டதாம், கோல் செல்லாது. கூடுதல் நேரத்தில் தோல்வி.

நான் ஒண்ணு கேக்குறேன், நீ பதில் சொல்லு. ஆட்டத்துக்கு முன்னாடி அதே குச்சியை அதே பொம்பளதான் பார்த்து சரின்னு சொன்னாங்க. வீடியோ இருக்குது. ஒரு மணி நேரத்துல வலை வளருமா? ஜெயிக்கிற நேரத்துல மட்டும் கண்ணு தெரியுமா அவங்களுக்கு?

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் அவர் முகத்தை வைத்து, 'திருடி' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறேன். இப்போதைக்கு நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

அக்கெல்லோவிடம் சொல், காஞ்சிபுரத்தில் ஒரு தெருவே அவள் பக்கம் நிற்கிறது.

தூக்கம் வராத,
துர்கா

*

காஞ்சிபுரம்
21 ஜூலை 2025

அண்ணா,

எட்டு நாளாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே? அம்மா கேட்கச் சொன்னார். எனக்கு அந்தக் கவலை இல்லை, நீ வாட்ஸ்அப்பில் ஆன்லைனில் இருப்பதைப் பார்த்தேன்.

வீடியோ பதினெட்டு லட்சம் தாண்டிவிட்டது. நைஜீரியா, கென்யா, பிரேசில், எங்கிருந்தெல்லாமோ எழுதுகிறார்கள். அந்த நடுவர் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று கண்டுபிடித்துப் போட்டேன். அந்தப் பள்ளியின் பக்கத்தில் ஒன்பதாயிரம் கமெண்ட். பாதி நம் ஆட்கள்தான்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "முகம் தெரியாத பொம்பளைய இப்படித் திட்டிக்கினு இருக்கியே" என்றார்.

"அவங்க முகம் எனக்கு நல்லாத் தெரியும்பா. நாப்பது தடவ பார்த்துட்டேன்."

"குச்சிய நீ பார்த்தியா?"

"நான் கட்டின குச்சிப்பா அது."

நான் கட்டிய வலையில் எப்படித் தப்பு இருக்கும்? பன்னிரண்டையும் பந்து வைத்து ஐம்பது முறை பார்த்தவள் நான். அந்த அம்மா என் வேலையையும் சேர்த்துத்தான் பொய் என்று சொல்லியிருக்கிறார்.

உடனே எழுது. அக்கெல்லோ பேட்டி எதுவும் கொடுக்கவில்லையே, ஏன்? அவள் இரண்டு வரி பேசினால் போதும், நான் ஆங்கிலத்தில் சப்டைட்டிலோடு போட்டுவிடுவேன்.

எதிர்பார்ப்புடன்,
துர்கா

*

கம்பாலா
29 ஜூலை 2025

அன்புள்ள துர்காவுக்கு,

நலமே. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. திரும்பி வந்ததிலிருந்து ஆஸ்பத்திரியில் இரட்டை ஷிப்ட்.

எல்லோரும் களைத்திருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்குக் கணுக்காலில் வீக்கம், இப்போது பரவாயில்லை. அக்கெல்லோ ஓய்வில் இருக்கிறாள்.

நீ போட்ட வீடியோவை எடுத்துவிடு. காரணம் கேட்காதே. அந்தப் பள்ளியின் பெயரையும் எடுத்துவிடு.

அப்பாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

லோகேஷ்

*

காஞ்சிபுரம்
2 ஆகஸ்ட் 2025

லோகேஷ் அண்ணனுக்கு,

அப்பாவின் முழங்கால் நலம், அம்மா நலம், தறி நலம். நான் நலமாக இல்லை.

காரணம் கேக்காதேன்னு யார்கிட்ட சொல்ற? இன்னா நெனச்சுக்கினு இருக்க நீ?

அக்கெல்லோ ஓய்வில் இருக்கிறாள் என்று எழுதினாய். டீமின் பழைய வீராங்கனை ஒருத்தி என் பக்கத்தில் எழுதிவிட்டாள். அக்கெல்லோ ஓய்வில் இல்லை, இடைநீக்கத்தில் இருக்கிறாள். சோதனை முடிந்த பிறகு வலையின் முடிச்சைத் தளர்த்திவிட்டு ஏமாற்றினாள் என்று விசாரணை. குற்றம் உறுதியானால் ஒரு வருடத் தடை. அக்டோபர் போய்விடும். அந்தப் பல்கலைக்கழக இடமும் போய்விடும். இதெல்லாம் தெரிந்துகொண்டு கணுக்கால் வீக்கத்தைப் பற்றி எனக்கு எழுதுகிறாய்.

குச்சிப் பை உன் கையில் இருந்தது. அவள் முடிச்சைத் தொட்டாளா இல்லையா என்று உலகத்திலேயே உனக்கு மட்டும்தான் தெரியும். விசாரணைக் குழு உன்னைக் கூப்பிட்டதா? என்ன சொன்னாய்?

வீடியோவை எடுக்க மாட்டேன். அந்த ஹெலன் நடுவர் வேலையை விட்டுவிட்டதாக நேற்று செய்தி வந்தது. நல்லது. என் பக்கத்தில் எல்லோரும் கை தட்டுகிறார்கள். நானும் தட்டினேன்.

பயந்தாங்கொள்ளி அண்ணனின் தங்கை,
துர்கா

*

கம்பாலா
24 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு,

இங்கே மழை பிடித்துவிட்டது. அங்கே எப்படி? அம்மாவுக்கு இருமல் என்று அப்பா போனில் சொன்னார். வெந்நீர் குடிக்கச் சொல்.

திருப்பருத்திக்குன்றத்து மைதானத்தில் நாலு பெண்களுக்கு விளையாட்டு சொல்லித்தருகிறாயாமே. நல்ல விஷயம்.

விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

கொஞ்ச நாளைக்கு நீ யாருக்கும் வலை கட்டாதே.

லோகேஷ்

*

காஞ்சிபுரம்
7 செப்டம்பர் 2025

அண்ணா,

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது. இதை அவசரமாக எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இன்று மாலை மைதானத்தில் திடீரென்று மழை. மற்ற நாளாக இருந்தால் நான் வலை கட்டிய நாலு குச்சிகளையும் துணியில் சுற்றிக்கொண்டு ஓடியிருப்பேன். இன்று என்னிடம் கற்றுக்கொள்ளும் திரிஷாவும் ஏஞ்சலும் "இன்னும் ஒரே ஒரு கோல்கா" என்று நிற்காமல் விளையாடிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் ஏஞ்சல் வந்தாள்.

"அக்கா, பந்து உள்ள பூந்துக்கினு வெளிய வர மாட்டேங்குது."

"நீ வீசறது சரியில்ல."

"வீசறது இருக்கட்டும்கா. குச்சியத் தொட்டுப் பாரு, கொழகொழன்னு இருக்குது."

தொட்டேன். விரலில் கஞ்சி வழிந்தது. விறைப்பாக நின்ற வலை ஈரத் துணி மாதிரி தொங்கியது. பந்தை வைத்தேன். சட்டத்தின் விளிம்புக்குக் கீழே போய்விட்டது. ஒரு முடிச்சையும் யாரும் தொடவில்லை. மீதி மூன்று குச்சியிலும் வைத்தேன். நாலும் செல்லாது.

ஒரு மணி நேரத்துல வலை வளருமான்னு உன்னைக் கேட்டேன் இல்ல? வளரும். நான் கட்டினா வளரும்.

பட்டு நனையக் கூடாது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த வீடு நம்முடையது. தெருவில் பாவு நீட்டியிருக்கும்போது ஒரு தூறல் விழுந்தால் தெருவே சேர்ந்து சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடும். நனைய விட்டால்தானே நனைந்தால் என்ன ஆகும் என்று தெரியும்? பன்னிரண்டு வலையையும் நான் ஐம்பது முறை சோதித்தேன், ஐம்பது முறையும் சித்திரை வெயிலில். வெயிலிலேயே விளையாடுவார்கள் என்று நினைத்துவிட்டேன், மடச்சி.

இப்போது உன் பழைய மெயில்களைத் திரும்பப் படித்தேன். வீடியோவை எடு. யாருக்கும் வலை கட்டாதே. அங்கே மழையா.

நீ தெரிஞ்சுக்கினே இருந்திருக்க. எப்பலேர்ந்து?

துர்கா

*

கம்பாலா
8 செப்டம்பர் 2025

துர்கா,

நலம் விசாரிக்கவில்லை, மன்னித்துக்கொள். நேரே சொல்கிறேன்.

அன்றைக்கே தெரியும். ஆட்டம் முடிந்து பஸ்ஸில் குச்சிப் பையை மடியில் வைத்திருந்தேன். பையிலிருந்து நம் தெருக் கஞ்சி வாசனை வந்தது. திறந்து பார்த்தேன். பன்னிரண்டு வலையும் தொளதொளவென்று இருந்தன. எதிரணி கேட்டது அக்கெல்லோ குச்சியை மட்டும், அதனால் அவள் மட்டும் மாட்டிக்கொண்டாள். வேறு யாருடையதைக் கேட்டிருந்தாலும் இதேதான். அன்று ராத்திரி ஹோட்டல் அறையில் பன்னிரண்டையும் அறுத்துக் குப்பையில் போட்டேன். டீமிடம் உபரியாக இருந்த நைலான் வலையை மாட்டிவிட்டேன்.

விசாரணையில் "குச்சியை யாராவது தளர்த்தினார்களா?" என்று கேட்டார்கள். "எனக்குத் தெரியாது" என்றேன். அது ஒரு வகையில் உண்மை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

உன் பெயர் வெளியே வந்தால் அந்த லட்சக்கணக்கான பேரும் உன் மேல் திரும்புவார்கள் என்று பயந்தேன். அது பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். "நான் பொறுப்பு" என்று சொன்னவன் நான். சொன்னால் டீமில் என் இடம் போய்விடும். இந்த ஊரில் எனக்கென்று இருக்கிற ஒரே சந்தோஷம் அந்த டீம்.

தயவுசெய்து அவசரப்பட்டு எதையும் போடாதே. செப்டம்பர் 20 கடைசி விசாரணை. அவளை மன்னித்துவிடவும் வாய்ப்பு இருக்கிறது.

லோகேஷ்

*

காஞ்சிபுரம்
11 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

மன்னிக்கவா? அவ இன்னா தப்பு பண்ணா, மன்னிக்கிறதுக்கு?

போட்டுவிட்டேன். நம் வாசலில் நின்று, கஞ்சி போட்ட வலையில் பந்தை வைத்துக் காட்டி, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, மறுபடி பந்தை வைத்துக் காட்டினேன். கடைசியில் அக்கெல்லோவிடம் மன்னிப்புக் கேட்டேன். நாலு நிமிடம். அப்பாதான் போனைப் பிடித்துக்கொண்டார். பழைய வீடியோவையும் பள்ளிக்கூடப் பெயரையும் எடுத்துவிட்டேன், ஆனால் ஊர் உலகமெல்லாம் அதைக் காப்பி எடுத்து வைத்திருக்கிறது, அது என் கையை விட்டுப் போய்விட்டது.

நீ பயந்தது நடந்தது. காசு வாங்கிக்கொண்டு மாற்றிப் பேசுகிறாள் என்கிறார்கள். இந்தியாக்காரி ஆப்பிரிக்காவை ஏமாற்றிவிட்டாள் என்கிறார்கள். அம்மாவைப் பற்றி எழுதுகிறார்கள். ஹெலனுக்கு நான் எழுதிய வார்த்தைகளை அப்படியே எனக்கு எழுதுகிறார்கள். என் பக்கத்தை விட்டு ஏழாயிரம் பேர் போய்விட்டார்கள். போகட்டும்.

தணிகாசலம் மாமா தெருமுனையில் யாரிடமோ, "கஞ்சி போட்டது ஒரு குத்தமாபா? நம்ம பொண்ணு உண்மைய சொல்லிச்சு, நீ இன்னாத்த சொன்ன இதுவரைக்கும்?" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எரிச்சலாகவும் இருந்தது.

வீடியோவை விசாரணைக் குழுவுக்கும் அனுப்பினேன். பதில் வந்தது. மரியாதையான பதில். "நீங்கள் காட்டும் குச்சி ஆட்டத்தில் இருந்த குச்சி அல்ல. ஆட்டத்தில் இருந்த வலைகள் எங்களிடம் இல்லை. பையை வைத்திருந்தவர் தமக்கு எதுவும் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்." அவ்வளவுதான்.

புரியுதா? நீ அறுத்துக் குப்பையில் போட்டது நூலை இல்லை. அவளுக்கு இருந்த ஒரே சாட்சியை.

வீடியோவில் உன் பெயரை நான் சொல்லவில்லை. நான் சொன்னால் அது இன்னொரு பதிவு, அவ்வளவுதான், ஆயிரம் பேர் கத்திவிட்டுப் போவார்கள். நீ சொன்னால்தான் அவள் விளையாடுவாள். டீம் ஒன்றுதான் உன் சந்தோஷம் என்று எழுதினாய். அவளுக்கும் அதேதான் அண்ணா. நீ டீமுக்குத் தண்ணி பாட்டில் தூக்கிக்கினு போற ஆளு. அவ விளையாடுற ஆளு.

இருபதாம் தேதிவரை நான் உனக்கு எழுத மாட்டேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உனக்கு போன் செய்ய வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். யாரோ சொன்னதற்காக இல்லாமல், நீயாகச் செய்.

துர்கா

*

கம்பாலா
23 செப்டம்பர் 2025

அன்புள்ள துர்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, இன்று சாப்பிட்டேன்.

இருபதாம் தேதி ஐந்து பேர் முன்னால் உட்கார்ந்து சொன்னேன். பஸ்ஸில் பையைத் திறந்தது, அறுத்தது, குப்பையில் போட்டது, போன தடவை "தெரியாது" என்றது. குச்சிகள் சோதனையிலிருந்து மைதானத்துக்கு என் கையாலேயே போயின, அக்கெல்லோ நடுவில் தொடவே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "இதை ஏன் ஜூலையிலேயே சொல்லவில்லை?" என்று கேட்டார்கள். "பயம்" என்றேன். அவர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

நேற்று முடிவு வந்தது. அக்கெல்லோ மேல் குற்றம் இல்லை. அக்டோபரில் ஆடுகிறாள். என்னை டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள். சரியான முடிவுதான்.

பையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மைதானத்தில் அக்கெல்லோ ஓடிக்கொண்டிருந்தாள். ஓட்டத்தை முடிக்கும்வரை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் வந்து, "இரண்டு மாதம்" என்றாள். "என் அம்மாவே என்னிடம், உண்மையாகவே நீ முடிச்சைத் தொடவில்லையா என்று கேட்டார்." நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை ஏற்றுக்கொள்ளவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது கூப்பிட்டாள். "உன் தங்கை வீடியோவில் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், பார்த்தேன். அந்த நடுவரிடம் கேட்டாளா?"

எனக்குத் தெரியாது என்றேன். இந்த முறை உண்மையாகவே தெரியாது.

லோகேஷ்

*

காஞ்சிபுரம்
25 செப்டம்பர் 2025

அண்ணா,

வேளைக்குச் சாப்பிடு. அம்மா நீ சாப்பிடாததைக் கேட்டு அழுதார். உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. எப்போது தீரும் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் நீ போய்ச் சொன்னாய். அது எனக்குத் தெரியும்.

ஹெலனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு வாரமாகத் தினமும் உட்கார்ந்து எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். கீழே இருப்பதை ஆங்கிலத்தில் மாற்றி அவருக்குப் போய்ச் சேரும்படி அனுப்பு. எந்த வார்த்தையையும் மென்மையாக்காதே. திட்டறதுக்கு என் இங்கிலீஷ் போதும். இதுக்குப் பத்தல.

ஹெலன் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் துர்காதேவி. காஞ்சிபுரத்தில் இருக்கிறேன். உங்கள் முகத்தின் மேல் 'திருடி' என்று எழுதிப் போட்டது நான். உங்கள் பள்ளியைத் தேடிக் கண்டுபிடித்ததும் நான். அங்கே வந்த ஒன்பதாயிரத்தில் பதினேழு என் கையால் எழுதியவை. நீங்கள் நடுவர் வேலையை விட்டபோது கை தட்டினேன்.

அக்கெல்லோவின் வலையைக் கட்டியவளும் நான்தான். மழையில் அது தளர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியாது. அது அவளுடைய குற்றமும் இல்லை, உங்களுடையதும் இல்லை.

அந்த அணியை இளப்பமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு இப்போதும் கோபம்தான், அந்தக் கோபத்துக்காக நான் வருத்தப்பட மாட்டேன். ஆனால் அதை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் காட்டாமல், கைக்கு எட்டுகிற இடத்தில் நின்ற உங்கள் மேல் கொட்டினேன். அதற்கு வருந்துகிறேன். உங்கள் பள்ளிப் பிள்ளைகள் அதையெல்லாம் படித்திருப்பார்கள் என்று நினைக்கும்போது என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நீங்கள் எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தை என் பக்கத்திலும் போட்டிருக்கிறேன், என்னோடு சேர்ந்து உங்களைத் திட்டியவர்களும் படிக்கட்டும் என்று.

இன்று காலையும் அந்தக் கோலைப் பார்த்தேன். மழையில், முதுகைத் திருப்பிக்கொண்டு, தோளுக்கு மேலே அவள் வீசியதை. நான் இதுவரை பார்த்ததிலேயே அழகான கோல் அதுதான்.

அது செல்லாது. நீங்கள் சொன்னது சரி.

இப்படிக்கு,
தி. துர்காதேவி